பார்த்தேன், பதில் எழுதவில்லை

சித்தப்பாவின் ஃபோன் கோல் வந்தபோது என் காது ஓர் இயந்திரத்தின் மூடியோடு ஒட்டியிருந்தது. கண்டி நகரில் ஒரு தனியார் ஆய்வுகூடம். இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. சத்தம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: மோட்டாரின் பெயாரிங், தேய்ந்துபோன இறப்பர் கால்கள், எடை சரிபார்க்காமல் வைத்த சோதனைக்குழாய்கள். எது என்று முதலில் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கழற்றுவது அதற்குப் பிறகு.

ஃபோன் நிற்காமல் அதிர்ந்ததால் வெளியே வந்து எடுத்தேன்.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை ஒனக்கு லீவுதானே?"

"ஆமா சித்தப்பா. ஏன்?"

"ஏனா? கட்டுகஸ்தோட்டைக்காரங்க வர்றாங்கல்ல. பொண்ணு பாக்க."

"யாரை?"

"நல்லா கேட்ட போ. என்னையா பாக்க வருவாங்க?"

சித்தப்பா அப்பாவின் தம்பி. நாவலப்பிட்டியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் அவர்தான். குடும்ப வட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கி நடத்துபவரும் அவர்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் அந்தக் குரூப்பில் கல்யாணத் தரகர் அக்கா ஒரு படத்தையும் சாதகத்தையும் போட்டிருந்தார். வங்கியில் வேலை, சொந்த ஊர் கட்டுகஸ்தோட்டை, ஒரே பிள்ளை. நான் பார்த்தேன். வாசித்தேன். வழக்கம்போல ஒன்றும் எழுதவில்லை.

"நான் சரின்னு சொல்லவே இல்லையே சித்தப்பா."

"வேணாம்னும் சொல்லலயே. யார் யார் பாத்திருக்காங்கன்னு தரகர் அக்காவ அமுத்திப் பாக்கச் சொன்னேன். ஒன் பேரும் இருக்கு. சாதகத்துக்கும் ஒன் பேரு இருக்கு. மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க?"

"நான் எதுக்குமே ஒன்னும் எழுதறதில்லையே."

"அதுதானே! பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கணும். மத்ததுங்க மாதிரி வாயாடாம." சந்தோஷமாகச் சிரித்தார். "சரி, கடையில ஆள் நிக்குது. அப்புறம் பேசறேன்."

மறுபடி உள்ளே போனேன். அன்றைக்குச் சத்தம் இறப்பர் கால்களிலிருந்துதான் வந்தது. அதைக் கண்டுபிடிக்க வழக்கத்தைவிட அதிக நேரமாயிற்று.

சித்தப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. குரூப்பில் அப்படி ஒரு சட்டம் நெடுநாளாக இருக்கிறது. உறவு வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் போவதென்றால், "யாரும் ஒன்னும் சொல்லலன்னா வேன் அஞ்சு மணிக்குக் கெளம்பும்" என்று போடுவார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேன் ஐந்து மணிக்குக் கிளம்பும். அந்த வேன்களில் நானும் ஏறியிருக்கிறேன்.

நான் எழுதாமல் இருப்பது கர்வத்தால் என்று சில உறவுகள் நினைக்கிறார்கள், கூச்சத்தால் என்று சிலர். இரண்டும் இல்லை. அந்தக் குரூப்பில் பெரியம்மாமார் இருக்கிறார்கள், அவர்களை வாங்க என்று சொல்ல வேண்டும். சின்னவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வா என்று சொன்னால்தான் அன்பு. வெளிநாட்டிலிருக்கிற, முகம் பார்த்திராத மச்சான்மார் இருக்கிறார்கள். யாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று தெரியாமல் எனக்கு ஒரு வாக்கியம்கூடத் தொடங்க வராது. அது ஒரு காரணம். இன்னொன்று, நான் வாசிப்பதை உண்மையாகவே விரும்புகிறேன். இயந்திரத்தோடு வரும் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் அதே இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இணையத்தில் எழுதும் நீளமான பதிவுகளை, பின்னூட்டங்களோடு சேர்த்து வாசிப்பேன். அங்கேயும் எனக்குக் கணக்கு இருக்கிறது, ஒரு வரி எழுதியதில்லை. குடும்ப குரூப்பில் யாராவது வொய்ஸ் போட்டால் இரண்டு தரம் கேட்பேன். முதல் தரம் சொன்னதைக் கேட்க. இரண்டாம் தரம் பின்னால் கேட்பதைக் கேட்க: தகரத்தில் மழை, குக்கர் விசில், நாவலப்பிட்டி ஸ்டேஷனில் ரயில் நின்று மூச்சு விடும் சத்தம். காலையில் கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் எல்லோருடைய ஸ்டேட்டஸையும் வரிசையாகப் பார்ப்பேன். ஒன்றும் விடமாட்டேன்.

கேட்கிறவளாக இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா விருந்தினர் உட்காரும் கதிரைகளின் உறைகளைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டிருந்தார். கம்பளையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு அரை நாள் லீவு எடுத்திருக்கிறார் என்று புரிந்தது.

"அம்மா, ஞாயித்துக்கிழமை யாரோ வர்றாங்களாமே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பாத்தியே?"

"பாத்தா?"

"பாத்துட்டு ஒன்னும் சொல்லல. ஃபோனப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு வேற இருந்த."

"அது ஒரு பூனை வீடியோம்மா."

அம்மா கையிலிருந்த உறையை மடித்தார், மறுபடி விரித்தார், மறுபடி மடித்தார். "நான் என்னத்தக் கண்டேன். ஒனக்குப் புடிச்சிருக்கு, வெக்கத்துல சொல்லாம இருக்கன்னு நெனச்சேன்."

"உங்களுக்குப் புடிச்சுதா?"

"ஒனக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சதும் எனக்கும் புடிச்சுப் போச்சு."

"அதுக்கு முன்னால?"

அம்மாவுக்கு ஃபோனில் எழுத வராது. ஏதாவது சொல்வதென்றால் வொய்ஸ்தான். அந்தப் படம் வந்த நாளிலிருந்து அம்மா அதைப் பற்றி ஒரு வொய்ஸ்கூடப் போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் கேட்கிற நான் அதைக் கேட்கத் தவறியிருந்தேன்.

"தையிலயே முடிக்கணும்னு அவங்க சொல்றாங்களாம்," என்றார் அம்மா. "ஒன் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கேன்னு யோசிச்சேன். ஆனா நீயே ஒன்னும் சொல்லாதப்ப நான் எங்க வாயத் தொறக்கிறது?"

வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்தில் இரண்டு மாலைகளில் உயர் டிப்ளோமா படிக்கிறேன். பேராதனைப் பக்கம்தான் வகுப்பு. அதை முடிக்காமல் கல்யாணம் பேச்சே வேண்டாம் என்று என் மனதில் முடிவாகி வெகு காலமாயிற்று. மனதில்தான். வெளியே யாருக்கும் சொன்னதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து, தட்டில் வெற்றிலை வைத்து, நாள் பார்த்துவிட்டால் பிறகு சொல்லும் மறுப்பு மறுப்பே அல்ல, அவமானம். எங்களுக்கும் அவர்களுக்கும்.

"எனக்கு வேணாம்மா," என்றேன். "அவர் நல்லவராவே இருக்கட்டும். எனக்கு இப்ப வேணாம்."

அம்மா கதிரை உறைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதுதான் அவருடைய பதில்.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, பெருமூச்சுதான் விட்டார்.

"இத ஒரு வாரத்துக்கு முன்னால ஒரு வரி எழுதியிருந்தா எவ்வளவு லேசா இருந்திருக்கும், பாப்பா? சரி, இப்பவாவது எழுது. குரூப்ல போடு. தரகர் அக்கா பாத்து அவங்களுக்கு அனுப்பிருவா. எல்லாருக்கும் ஒரே தடவையில தெரிஞ்சு போகும்."

"குரூப்ல எழுத மாட்டேன் சித்தப்பா."

"இதுக்குக்கூடவா?"

"இதுக்குத்தான்."

அன்று அதை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். நான் வேண்டாம் என்று குரூப்பில் போட்டால், அதை முதலில் பார்ப்பது டுபாயிலிருக்கிற மச்சான். பிறகு பெரியம்மாமார். பிறகு அழுகிற முகம் ஒன்று, கும்பிடும் கை ஒன்று, தெரியாமல் அமுக்கிய சிரிக்கிற முகம் ஒன்று. இத்தனைக்கும் பிறகுதான், யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷொட்டாக, சம்பந்தப்பட்ட மனிதருக்குப் போய்ச் சேரும். ஒருவருக்குச் சொல்ல வேண்டிய மறுப்பை நாற்பது பேர் நடுவில் வைத்துவிட்டு அவரை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்ல என்னால் முடியாது.

"நேர்ல போய்ச் சொல்றேன்," என்றேன்.

"எங்க?"

"அவங்க வீட்டுல."

மறுமுனையில் சித்தப்பா கடை ஷட்டரை இழுக்கும் சத்தம் நின்றது. "பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்குப் போறதா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சித்தப்பா. குரூப்லதான் சிரிப்பாங்க. நான் வாசிச்சுட்டு இருந்துடுவேன்."

சாதகத்தோடு வந்திருந்த எண்களில் மாப்பிள்ளையின் அம்மாவுடைய எண்ணுக்கு அம்மா கோல் எடுத்து, சனிக்கிழமை வரலாமா என்று கேட்டார். வந்து என்ன சொல்லப் போகிறோம் என்பதை ஃபோனில் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா, "தாராளமா வாங்க, வீடு பாக்கத்தானே" என்று தானாகவே முடித்துக்கொண்டார். பெண் வீட்டுப் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவது வழக்கம்தான். அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் அந்த வழக்கத்தில் பெண் போவதில்லை.

சனிக்கிழமை தூறிக்கொண்டே இருந்தது. கம்பளையில் பஸ் ஏறுவதற்கு முன் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்.

"வேணாம்னு சொல்லப் போறதுக்கு எதுக்கும்மா பழம்?"

"வேணாம்னு சொல்லப் போறதாலதான். வெறுங்கையோட போய் வேற சொல்வியா?"

கண்டியில் இறங்கி வேறு பஸ் மாறினோம். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, மேட்டுப் பக்கமாக ஏறுகிற படிகள். அந்த வீட்டம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் மலர்ந்த முகம், அம்மாவுக்குப் பின்னால் என்னைப் பார்த்ததும் குழம்பியது.

"வாங்க, வாங்க... பொண்ணும் வந்திருக்கா? நாங்கதானே நாளைக்கு வர இருந்தோம்?" பிறகு சமாளித்துக்கொண்டார். "அதனால என்ன. வாம்மா. இந்தக் காலத்துல எல்லாம் ஒன்னுதான்."

உள்ளே வடை வாசனை. மேசையில் கேசரி. புதிதாகத் துவைத்த கதிரை உறைகள். அம்மா அந்த உறைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிவாக இருந்தார். வடைத் தட்டு என் பக்கம் நகர்ந்தது. எடுத்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

"ஆன்ட்டி, நாங்க வீடு பாக்க வரல," என்றேன். "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். படிச்சுக்கிட்டு இருக்கேன். அது முடியிற வரைக்கும் யாரையும் பாக்கிறதா இல்ல. குரூப்ல வந்தப்பவே சொல்லியிருக்கணும். நான் சொல்லல. எங்க வீட்டுல அத சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. நாளைக்கு நீங்க வந்து திரும்பிப் போகக்கூடாது. அதனாலதான் வந்தோம்."

அந்த அம்மா வடைத் தட்டைத் தன் பக்கமாக இழுத்தார், என்ன நினைத்தாரோ, மறுபடி நடுவில் வைத்தார். "இதச் சொல்லவா மழையில இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மகன்தான் அடுத்துப் பேசினார். குரலில் கோபம் இல்லை, விளங்காத தன்மைதான் இருந்தது.

"அப்ப ஏன் என்னோட ஸ்டேட்டஸ் எல்லாம் பாத்தீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"தெனமும் காலைல மொதல்ல பாக்கிறது நீங்கதான். ஒரு நாள்கூட விடல. அந்தப் பாட்டுங்க எல்லாம்..." அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தினார். "உங்களுக்காகத்தான் போட்டேன்."

எந்த எண் வந்தாலும் பெயரோடு சேமித்து வைப்பது என் பழக்கம். சாதகத்தில் இருந்த அவர் எண்ணையும் அப்படித்தான் சேமித்தேன். என் எண்ணைத் தரகர் அக்கா அவருக்குக் கொடுத்திருக்கிறார். காலை பஸ்ஸில் வரிசையாக வரும் ஸ்டேட்டஸ்களில் அவருடையதும் வந்தது. நான் எல்லோருடையதையும் பார்ப்பவள். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரு பெயர், ஒவ்வொரு காலையும், எல்லோருக்கும் முதலில்.

"ஒரு ஹார்ட்கூட போடலயேன்னு யோசிச்சேன்," என்றார். "அடக்கம்னு நெனச்சுக்கிட்டேன்."

"நான் எல்லாரோடதையும் பாப்பேன். என் சித்தப்பா கடையில புதுசா வந்த பெயின்ட் வாளிங்க வரைக்கும். உங்கள ஏமாத்தணும்னு இல்ல. நான் பாக்கிறது உங்களுக்குத் தெரியும்கிறதையே நான் யோசிக்கல. மன்னிச்சுக்குங்க."

"பெயின்ட் வாளியா?" என்றார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போயிற்று.

"பாட்டெல்லாம் முழுசாக் கேட்டேன்," என்றேன். அது உண்மை. அதைச் சொல்வது நல்லதா என்று தெரியவில்லை, ஆனால் சொல்லாமல் விடுவது இன்னும் மோசம் என்று பட்டது.

அந்த அம்மா எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்தோம். கேசரியும் சாப்பிட்டோம். அம்மா அதன் பக்குவத்தைக் கேட்டார், அந்த அம்மா சொன்னார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்பதை இன்னும் நினைக்கிறேன்.

புறப்படும்போது மகன் படி வரைக்கும் வந்தார். குடையை விரிக்கிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க அம்மா, சித்தப்பா. அவ்வளவுதான்."

"அப்ப... நாங்கதான் இப்ப வேணாம்னு சொன்னதா தரகர்கிட்ட சொல்லிக்கலாமா? எங்க அம்மா ஏற்கனவே நாலு பேருக்குச் சொல்லிட்டாங்க."

அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. அந்தப் பிடியின் அர்த்தம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரே வேண்டாம் என்று ஒதுக்கிய பெண் என்றால் அடுத்து வருகிறவர்கள் காரணம் தேடுவார்கள். சாதகத்தில் குறை என்பார்கள், வேறு யாரோ இருக்கிறான் என்பார்கள்.

"சொல்லிக்குங்க," என்றேன். "குரூப்ல யார் என்ன போட்டாலும் நான் மறுத்து எழுத மாட்டேன். ஆனா யாராவது என்கிட்டயே கேட்டா நடந்ததச் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் யோசித்தார். "யார் கேக்கப் போறாங்க," என்றார். பிறகு தலையசைத்தார்.

கண்டியில் இறங்கியதும் அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "கேசரிக்கு நெய் பத்தாது." அதைச் சொன்ன விதத்தில் அவர் என் பக்கம்தான் என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் அக்காவின் செய்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டில் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள், எல்லாம் நன்மைக்கே. அதற்குக் கீழே அழுகிற முகங்கள். கவலைப்படாதே தங்கம். இதைவிட நல்ல இடம் வரும். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கச் சொல்லுங்க. சாதகத்தை இன்னொருவரிடம் காட்டுங்க. பாவம் புள்ள. அம்மா அதையெல்லாம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பாவம் புள்ள" வந்ததும் ஃபோனைப் பிடுங்கி மைக்கை அமுக்கினார்.

"எம்புள்ள ஒன்னும் பாவமில்ல, அவதான்..."

"அம்மா."

விரல் மைக்கின் மேலேயே இருந்தது. ஃபோன் எங்கள் இரண்டு பேரின் மூச்சையும் பதிந்துகொண்டிருந்தது.

"நான் சொல்லிட்டு வந்திருக்கேன்மா. எழுத மாட்டேன்னு."

"நீதானே சொன்ன. நான் சொல்லலயே."

"உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

அம்மா விரலை இடதுபக்கம் இழுத்து அதை அழித்தார். அழித்துவிட்டு, "ரொம்பத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனார். நான் மீதியையும் வாசித்தேன். கடைசி வரை. சில வரிகள் சுட்டன. அதற்குப் பதில் சொல்லும் வாக்கியங்கள் எனக்குள் தயாராகவே வந்தன, நல்ல வாக்கியங்கள்தான். ஒன்றையும் எழுதவில்லை. இந்த முறை எழுதாதது பழக்கத்தால் இல்லை.

காலையில் ஸ்டேட்டஸ் பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன். குரூப்பை நிறுத்தவில்லை, வொய்ஸ்களைக் கேட்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் என்னைப் பற்றிய ஏதாவது அங்கே வந்தால், வாசித்த அன்றைக்கே சம்பந்தப்பட்டவரை ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். சரியோ இல்லையோ, என் வாயால்.

மத்தியானம் சித்தப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, நீ போனது தெரியும். என்ன நடந்துச்சு? நீ சொன்னியா, அவங்க சொன்னாங்களா?"

கேட்டுவிட்டார். அதனால் சொன்னேன். வாழைப்பழத்திலிருந்து படி வரைக்கும், ஸ்டேட்டஸையும் விடாமல். சித்தப்பா குறுக்கே பேசாமல் கேட்ட முதல் கதை அதுவாகத்தான் இருக்கும்.

"அப்ப நீதான் வேணாம்னு சொல்லியிருக்க!" என்றார் முடிவில். "இரு, இப்பவே குரூப்ல போடறேன். நம்ம மானம் என்னாகிறது?"

"வேணாம் சித்தப்பா. குரூப்ல போடாதீங்க. உங்ககிட்ட யாராவது கேட்டா சொல்லுங்க. வாயால."

"வாயாலயா? ஒவ்வொருத்தருக்காவா? நாவலப்பிட்டி முழுக்கச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மாசம் ஆகுமே!"

"ஆகட்டும்," என்றேன்.